பூட்டியாச்சு, இழுத்துப் பார்த்தாச்சா? லேப்டாப் குறியாக்கத்தைச் சோதிக்க ஒரு பாடம்

வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் பிடிக்கக் கிளம்பும்போது நாம் எல்லோரும் இரண்டு காரியம் செய்வோம். பூட்டை ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்ப்போம். சாவி பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்போம். பாதி வழி போன பிறகு சந்தேகம் வந்து திரும்பி வந்து பார்ப்பவர்களும் உண்டு. லேப்டாப்பில் புதிதாக விண்டோஸோ லினக்ஸோ போடும்போது "என்கிரிப்ஷன் வேண்டுமா?" என்ற பெட்டியில் டிக் அடிக்கிறோம் அல்லவா, அந்தப் பூட்டை மட்டும் யாரும் இழுத்துப் பார்ப்பதில்லை. டிக் அடித்தால் பூட்டியாச்சு என்று நம்பிவிடுகிறோம்.

இந்தப் பாடம் அந்த இழுத்துப் பார்க்கும் வேலையைப் பற்றியது. ஒரு பென் டிரைவும், ஒரு மணி நேரப் பொறுமையும், உங்கள் கையில் இருக்கும் ஸ்மார்ட்போனும் போதும்.

போனில் இருக்கு, லேப்டாப்பில் இருக்கா?

உங்கள் போனைப் பொறுத்தவரை பெரும்பாலும் கவலையில்லை. 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், புதிதாக விற்பனைக்கு வரும் எல்லா போன்களுக்கும் குறியாக்கம், அதாவது என்கிரிப்ஷன், கட்டாயமாகிவிட்டது. நீங்கள் போடும் பின் நம்பரோ பேட்டர்னோ அதற்குச் சாவியாக வேலை செய்கிறது. போன் தொலைந்தால் எடுத்தவர் அதைத் துடைத்துவிட்டு விற்கலாமே தவிர, உள்ளே இருக்கும் படங்களைப் பார்ப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

லேப்டாப் அப்படியில்லை. விண்டோஸில் லாகின் பாஸ்வேர்டு போட்டிருந்தாலும், அடிப்பக்கத்து ஸ்க்ரூவைக் கழற்றி ஹார்டு டிஸ்கை எடுத்து இன்னொரு கணினியில் மாட்டினால் எல்லா ஃபைலும் அப்படியே தெரியும். அந்தப் பாஸ்வேர்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளி மாதிரி. கொல்லைப்புறமாக வருபவரை அவர் பார்க்கவே மாட்டார். குறியாக்கம் செய்த டிஸ்க் என்றால், கழற்றி எங்கே மாட்டினாலும் அர்த்தமில்லாத எழுத்துக்குவியல்தான் கிடைக்கும்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதனால் நம் ஊர்களில் பழைய லேப்டாப்களைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போகிறவர்கள் நிறைய. புது ஓஎஸ் ஏற்றும் அந்த நேரம்தான் குறியாக்கம் போடவும் சரியான நேரம். ஏன் என்று கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

மல்லாங்கிணற்றில் ஒரு இ-சேவை மையம்

ஒரு கற்பனை உதாரணம் எடுத்துக்கொள்வோம். விருதுநகர் மாவட்டம் மல்லாங்கிணறு பேரூராட்சியில் ஒரு அக்கா, 'அனைவருக்கும் இ-சேவை' திட்டத்தில் சொந்தமாக மையம் நடத்துகிறார். காலையில் கதவைத் திறந்ததும் வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரி சான்று என்று ஆட்கள் வருவார்கள். ஒவ்வொருவரிடமும் ஆதார், ரேஷன் கார்டு, மாற்றுச் சான்றிதழ், போட்டோ வாங்கி ஸ்கேன் செய்து விண்ணப்பத்தில் ஏற்றுவார். ஏற்றிய பிறகு அந்த ஸ்கேன் ஃபைல் என்ன ஆகிறது? பெரும்பாலும் 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரிலோ, 'நியூ ஃபோல்டர் 3' என்ற பெயரிலோ அங்கேயேதான் கிடக்கும். இரண்டு வருஷம் போனால் அந்த ஒரு லேப்டாப்பில் பாதி ஊரின் ஆதார் இருக்கும்.

சிவகாசிப் பக்கம் போனால் இதே கதை வேறு வடிவத்தில். பட்டாசு ஆலைக் கணக்குப்பிள்ளையின் லேப்டாப்பில் தொழிலாளர்களின் வங்கிக் கணக்கு எண், பி.எஃப். எண், கூலிப் பட்டியல். அச்சகத்தில் டிசைன் செய்யும் தம்பியின் கணினியில் கல்யாணப் பத்திரிகை முதல் கட்சி டைரி வரை, ஆயிரம் பேரின் பெயரும் போன் நம்பரும். இவர்கள் யாரும் தங்களை 'டேட்டா வைத்திருக்கும் நிறுவனம்' என்று நினைத்துக்கொள்வதில்லை.

சட்டம் அப்படித்தான் பார்க்கிறது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வெளியாகின. அடுத்தவர் தகவலைக் கணினியில் வைத்துக் கையாளுபவர் செய்ய வேண்டிய நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளில் குறியாக்கமும் அந்த விதிகளில் பெயர் சொல்லியே வருகிறது. அதற்கான பொறுப்புகள் விதிகள் வெளியாகி 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும். பாதுகாப்பு ஏற்பாட்டைச் செய்யத் தவறினால் விதிக்கக்கூடிய அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். ஒரு கிராமத்து மையத்துக்கு அவ்வளவு வரும் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் "எனக்குத் தெரியாதுங்க" என்பது பதிலாக இருக்காது.

பீரோ சாவி எங்கே இருக்கு?

சோதிக்கும் முன்னால், எதைச் சோதிக்கிறோம் என்று தெரிய வேண்டும். நீங்கள் போடும் பாஸ்வேர்டு நேரடியாக டிஸ்கைப் பூட்டுவதில்லை. டிஸ்கைப் பூட்டுவது கணினியே தற்செயலாக உருவாக்கும் ஒரு நீளமான முதன்மைச் சாவி. அந்தச் சாவியை ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்து, அந்தப் பெட்டியை உங்கள் பாஸ்வேர்டால் பூட்டுகிறார்கள். பீரோ சாவியை அஞ்சறைப்பெட்டியில் போட்டு, அஞ்சறைப்பெட்டிக்கு ஒரு பூட்டு போட்ட மாதிரி.

லினக்ஸில் இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் 'லக்ஸ்'. 2004-ல் உருவானது. அதில் ஒரே பீரோ சாவிக்குப் பல அஞ்சறைப்பெட்டிகள் வைக்கலாம். பழைய லக்ஸில் 8, இப்போதுள்ள லக்ஸ் 2-ல் 32 வரை. எந்த ஒன்றைத் திறந்தாலும் பீரோ திறக்கும். வங்கி லாக்கர் மாதிரி இரண்டு சாவியும் சேர்ந்தால்தான் என்பதெல்லாம் இல்லை. பெட்டிகள் எல்லாம் டிஸ்கின் ஆரம்பப் பகுதியில் இருக்கின்றன. அந்தச் சிறு பகுதி கெட்டுப்போனால், பாஸ்வேர்டு ஞாபகம் இருந்தாலும் டிஸ்க் திறக்காது.

இந்த அமைப்பால் ஒரு நல்லதும் உண்டு. கடைக்காரத் தம்பி ஓஎஸ் போடும்போது ஒரு பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தால், வீட்டுக்கு வந்து நீங்கள் அதை மாற்றிக்கொள்ளலாம். டிஸ்க் முழுவதையும் மறுபடி பூட்ட வேண்டியதில்லை. சின்னப் பெட்டியின் பூட்டை மாற்றினால் போதும், சில விநாடி வேலை. உபுண்டுவில் 'டிஸ்க்ஸ்' என்ற செயலியைத் திறந்து, பூட்டுப் படம் போட்ட பகுதியைத் தேர்ந்தெடுத்து, பல்சக்கர மெனுவில் 'சேஞ்ச் பாஸ்பிரேஸ்' கொடுங்கள். கட்டாயம் செய்யுங்கள். "தம்பி நல்ல பையன்தான்" என்பது வேறு விஷயம்.

ஏன் ஓஎஸ் போடும்போதே?

முதல் காரணம் எளிது. பூட்டில்லாமல் ஒரு வருஷம் பயன்படுத்திய டிஸ்கில், அழித்த ஃபைல்களின் மிச்சம் இருக்கும். "பார்மட் அடிச்சாச்சுண்ணே, எல்லாம் போயிருச்சு" என்று கடையில் சொல்வார்கள். வேகமாக அடிக்கும் பார்மட், புத்தகத்தின் பொருளடக்கப் பக்கத்தை மட்டும் கிழிக்கிறது. பாடங்கள் உள்ளேயே இருக்கின்றன. டெபியன் லினக்ஸ் நிறுவி, 2007-ல் வந்த 4.0 பதிப்பிலிருந்தே குறியாக்கத்தைத் தருகிறது. பூட்டுவதற்கு முன் டிஸ்க் முழுவதையும் தற்செயல் எழுத்துகளால் நிரப்பியும் விடுகிறது. பெரிய டிஸ்க் என்றால் மணிக்கணக்கில் ஓடும். நடுவில் நிறுத்தும் வசதியும் உண்டு. புது டிஸ்க் என்றால் நிறுத்திக்கொள்ளலாம். ஏற்கெனவே ஊர் ஆதார் இருந்த டிஸ்க் என்றால் ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போங்கள். பள்ளி மாணவர்களுக்கு 2011 முதல் தமிழக அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு வந்த போஸ் லினக்ஸ், சி-டாக் நிறுவனம் இந்த டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியதுதான்.

இரண்டாவது காரணம்: நிறுவும் நேரத்தில்தான் தவறு நடந்தாலும் நஷ்டமில்லை. உள்ளே இன்னும் எதுவும் வைக்கவில்லையே.

நிறுவும் மென்பொருளே தப்பு செய்யுமா? செய்திருக்கிறது. 2017 செப்டம்பர் 25-ல் ஆப்பிள் வெளியிட்ட மேக் ஓஎஸ் ஹை சியராவில், டிஸ்க் யூட்டிலிட்டி மூலம் குறியாக்கம் செய்த பகுதி ஒன்றை உருவாக்கி, பாஸ்வேர்டுக்கு ஒரு குறிப்பும் எழுதினால், அப்புறம் 'குறிப்பைக் காட்டு' என்று அழுத்தும்போது குறிப்புக்குப் பதில் பாஸ்வேர்டையே திரையில் காட்டியது! பிரேசிலைச் சேர்ந்த ஒரு மென்பொருளாளர் இதைக் கண்டுபிடித்தார். ஆப்பிள் அக்டோபர் 5-ல் திருத்தம் வெளியிட்டது. 2020-ல் உபுண்டு சர்வர் நிறுவி, பயனர் தட்டிய குறியாக்கப் பாஸ்வேர்டை நிறுவல் குறிப்பேட்டு ஃபைலில் எழுதி வைத்தது தெரியவந்து சரிசெய்யப்பட்டது. 2016 நவம்பரில் இன்னொன்று. சில லினக்ஸ்களில் பூட்டுத் திரையில் என்டர் பட்டனை 70 விநாடி அழுத்திப் பிடித்தால், கணினியின் ஆரம்பநிலைக் கட்டுப்பாடு முழு அதிகாரத்தோடு கைக்கு வந்தது. டிஸ்கில் இருந்த தகவல் அப்போதும் பூட்டியபடிதான் இருந்தது, அது வேறு. ஆனால் என்டரை ஒரு நிமிஷத்துக்கு மேல் அமுக்கிப் பார்க்க வேண்டும் என்று யாருக்காவது தோன்றியதே, அந்தப் புத்தியைத்தான் மெச்ச வேண்டும்.

இதனால்தான் லினக்ஸ் வெளியிடுபவர்கள் ஒவ்வொரு பதிப்புக்கு முன்னும் இதையே சோதிக்கிறார்கள். ஓப்பன்சூசி குழு இதற்கென்றே 'ஓப்பன் கியூஏ' என்ற மென்பொருளை வைத்திருக்கிறது. அது மனிதர் செய்வதுபோல் நிறுவியை ஓட்டும், குறியாக்கத்தைத் தேர்ந்தெடுக்கும், பாஸ்வேர்டு தட்டும். கணினி மறுபடி தொடங்கும்போது பூட்டுத் திரை வருகிறதா என்று திரையைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஃபெடோராவும் இதையே பயன்படுத்துகிறது. உபுண்டுவில் ஏப்ரல், அக்டோபர் வெளியீடுகளுக்கு முன்னால் தன்னார்வலர்களும் சேர்ந்து இந்தச் சோதனையைச் செய்கிறார்கள். எல்காட் நிறுவனம் 2007 வாக்கில் அரசுக் கணினிகளுக்கு சூசி லினக்ஸைத் தேர்ந்தெடுத்த கதை பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். ஓப்பன்சூசியும் அதே குடும்பம்தான்.

சிவகாசிக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. பட்டாசுச் சத்தம் வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது விதி. பெட்டியில் அச்சடித்துவிட்டால் தாண்டாமல் இருந்துவிடுமா? மாதிரியை வெடித்து, மீட்டர் வைத்து அளந்தால்தான் தெரியும்.

முதலில் ஒத்திகை

நேராக உண்மையான லேப்டாப்பில் கை வைக்க வேண்டாம். 'வர்ச்சுவல்பாக்ஸ்' என்ற இலவச மென்பொருள், உங்கள் கணினிக்குள்ளேயே ஒரு பொய்க் கணினியை ஒரு ஜன்னலில் ஓட்டும். அதற்கு 25 ஜிபி பொய் டிஸ்க் கொடுத்து, உபுண்டு 24.04-ஐ அதில் நிறுவிப் பழகுங்கள். கெட்டுப்போனால் அழித்துவிட்டு மறுபடி. ராம் 8 ஜிபி இருந்தால் சிரமமில்லாமல் ஓடும். கல்லூரியில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அவர்களிடம் விடுங்கள், சந்தோஷமாகச் செய்வார்கள்.

நிறுவியில் 'இரேஸ் டிஸ்க்' திரையில் 'அட்வான்ஸ்டு ஃபீச்சர்ஸ்' என்று ஒரு பட்டன் இருக்கும். அதற்குள் போனால்தான் 'எல்விஎம் அண்ட் என்கிரிப்ஷன்' தெரியும். நிறையப் பேர் அந்தப் பட்டனைப் பார்க்காமலேயே தாண்டிவிடுகிறார்கள். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 24.04-ல் இந்த வசதி டிஸ்க் முழுவதையும் அழித்து நிறுவும்போதுதான் வரும். 'விண்டோஸுக்குப் பக்கத்தில் போடு' என்று தேர்ந்தெடுத்தால் வராது. ஒரே லேப்டாப்பில் இரண்டு ஓஎஸ் வேண்டும் என்பவர்கள் லினக்ஸ் பக்கம் பூட்டில்லாமல் நிற்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். இ-சேவை லேப்டாப்புக்கு இரண்டு ஓஎஸ் எதற்கு என்பது என் கேள்வி.

பாஸ்வேர்டு தட்டும் இடத்தில் தமிழர்களுக்கென்றே ஒரு பள்ளம் இருக்கிறது. கணினி தொடங்கும்போது வரும் பூட்டுத் திரையில் விசைப்பலகையை மாற்றும் வசதி பெரும்பாலும் இருக்காது. தமிழ்99 விசைப்பலகையில் பழகிய கை, அல்லது ரூபாய்க் குறி, பவுண்டு குறி மாதிரி விசைப்பலகைக்கு விசைப்பலகை இடம் மாறும் எழுத்து, இதெல்லாம் அந்தத் திரையில் காலை வாரிவிடும். அதனால் சின்ன ஆங்கில எழுத்துகளும், எண்ணும், இடைவெளியும் மட்டும் வைத்து நீளமாகப் போடுங்கள். தொடர்பில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்துக்கொள்ளலாம். குலதெய்வம் பேரும் கல்யாண வருஷமும் வேண்டாம், அது ஊருக்கே தெரியும்.

திருடனாக மாறிப் பாருங்கள்

நிறுவி முடித்ததும் உண்மையான எந்த ஃபைலையும் உள்ளே வைக்காதீர்கள். ஒரு வெற்று ஃபைலில் 'இது சோதனை' என்று தட்டி, டெஸ்க்டாப்பில் சேமியுங்கள். கணினியை முழுவதுமாக அணையுங்கள். மூடி வைப்பது கணக்கில் சேராது. மூடினால் அது தூங்குகிறது, சாவி நினைவகத்தில் அப்படியே இருக்கிறது.

மறுபடி ஆன் செய்யுங்கள். ஓஎஸ் வரும் முன்பே பாஸ்வேர்டு கேட்க வேண்டும். வேண்டுமென்றே தப்பாகத் தட்டுங்கள். மறுக்கிறதா? சரியானதைத் தட்டினால் திறக்கிறதா? இது முதல் இழுப்பு. கேட்காமலேயே நேராக உள்ளே போய்விட்டால், பூட்டவே இல்லை என்று அர்த்தம். வாசல் லாகின் திரையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். உபுண்டுவில் குறியாக்கப் பாஸ்வேர்டு முதலில், லாகின் பாஸ்வேர்டு அதற்குப் பிறகு, இரண்டு தடவை கேட்கும்.

இப்போது உண்மையான திருடன் வேலை. நிறுவப் பயன்படுத்திய அதே பென் டிரைவைச் செருகி, அதிலிருந்து கணினியைத் தொடங்குங்கள். 'டிரை உபுண்டு' என்று தேர்ந்தெடுத்தால், டிஸ்கைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே உபுண்டு ஓடும். திருடிய லேப்டாப்பில் ஒருவர் முதலில் செய்யப்போவதும் இதைத்தான். ஃபைல்ஸ் செயலியைத் திறந்து உங்கள் டிஸ்கைத் தேடுங்கள். குறியாக்கம் சரியாக இருந்தால் பூட்டுப் படத்தோடு தெரியும், சொடுக்கினால் பாஸ்வேர்டு கேட்கும். சொடுக்கியதும் உங்கள் 'இது சோதனை' ஃபைல் தெரிந்துவிட்டால் வேலை தோல்வி. மறுபடி முதலிலிருந்து.

இந்த இடத்தில் பலர் பதறிவிடுவார்கள். ஏனென்றால் டிஸ்கில் ஒன்றிரண்டு சின்னப் பகுதிகள் பாஸ்வேர்டு கேட்காமலேயே திறக்கும். கணினி பாஸ்வேர்டு கேட்பதற்கே ஒரு குட்டி நிரல் ஓட வேண்டுமே, அது பூட்டுக்கு வெளியேதான் இருக்க முடியும். அந்தத் தொடக்கப் பகுதிகள் ஓரிரு ஜிபி அளவுதான் இருக்கும், உங்கள் ஃபைல் எதுவும் அங்கே இராது. பெரிய பகுதி பூட்டியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மறதிக்காரராகவும் மாறிப் பாருங்கள்

திருடனைவிட மறதிதான் நம் ஊரில் அதிகம் நடப்பது. இதற்கான சோதனையும் நிறுவிய அன்றே.

லினக்ஸில் ஓஎஸ் போட்ட தம்பியையே பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு வேலை செய்யச் சொல்லுங்கள். இரண்டாவதாக ஒரு பாஸ்வேர்டைச் சேர்ப்பது ஒன்று. டிஸ்கின் ஆரம்பப் பகுதியில் இருக்கும் அந்தச் சாவிப் பெட்டிகளைப் பிரதி எடுத்து வேறொரு பென் டிரைவில் வைப்பது இன்னொன்று. இரண்டுமே 'கிரிப்ட்செட்டப்' என்ற கருவியில் ஒவ்வொரு வரிக் கட்டளை. இரண்டாவது பாஸ்வேர்டை நீங்களே தட்டுங்கள், அவர் திரும்பி நிற்கட்டும். அதைக் காகிதத்தில் எழுதி, கவரில் ஒட்டி, வீட்டுப் பத்திரம் இருக்கும் இடத்தில் வையுங்கள். வைப்பதற்கு முன், அந்தக் காகிதத்தைப் பார்த்தே ஒரு தடவை கணினியைத் திறந்து பாருங்கள். ஒன்றுக்கும் எல் எழுத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் எழுதியிருந்தால் இப்போதே தெரிந்துவிடும்.

ஒரு நுணுக்கம். பிரதி எடுத்த பிறகு பாஸ்வேர்டை மாற்றினால், பழைய பிரதி பழைய பாஸ்வேர்டுக்கே திறக்கும். அதனால் கடைக்காரர் போட்ட பாஸ்வேர்டை முதலில் மாற்றிவிட்டு, பிறகு பிரதி எடுங்கள். முன்பு எடுத்த பிரதி இருந்தால் அழித்துவிடுங்கள்.

விண்டோஸ்: சாவி யார் வீட்டில் இருக்கு?

2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவி மைக்ரோசாப்ட் கணக்கில் லாகின் செய்தால், பெரும்பாலான கணினிகளில் குறியாக்கம் தானாகவே போடப்பட்டுவிடுகிறது. அதற்கான மீட்புச் சாவி, 48 இலக்க எண், அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்படுகிறது. நல்ல ஏற்பாடுதான். பிரச்சினை எங்கே வருகிறது என்றால், கடையில் போடும்போது.

"அக்கா, உங்க மெயில் ஐடி, பாஸ்வேர்டு சொல்லுங்க."

"அதெல்லாம் எனக்கு ஞாபகம் இல்லப்பா. நீயே ஏதாவது போட்டுக் குடு."

தம்பியும் உதவி செய்யும் எண்ணத்தில் கடைக் கணக்கைப் போட்டு முடித்துக் கொடுத்துவிடுவார். பூட்டு உங்கள் வீட்டில், மாற்றுச் சாவி அவர் வீட்டில். ஆறு மாதம் கழித்து பயாஸ் அப்டேட்டோ மதர்போர்டு மாற்றமோ வந்து, நீலத் திரையில் 48 எண்ணைக் கேட்கும்போது கடை இருக்குமா, அந்தக் கணக்கு இருக்குமா?

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. மைக்ரோசாப்ட் கணக்கே இல்லாமல் நிறுவிய சில கணினிகளில், டிஸ்க் குறியாக்கம் ஆகியிருக்கும், ஆனால் பாதுகாப்பு இயங்காது. சாவி டிஸ்கிலேயே திறந்தபடி கிடக்கும். பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்ட கதை. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் சி டிரைவ் படத்தின் மேல் மஞ்சள் எச்சரிக்கைக் குறி தெரிந்தால் இதுதான் விஷயம்.

ஆகவே கடையை விட்டுக் கிளம்பும் முன் உங்கள் போனை எடுங்கள். உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் போனிலேயே லாகின் செய்து, 'டிவைசஸ்' பகுதியில் இந்த லேப்டாப்பைத் தேர்ந்தெடுத்து, 'பிட்லாக்கர் ரெகவரி கீ' இருக்கிறதா என்று பாருங்கள். 48 எண்ணையும் காகிதத்தில் எழுதுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு வைக்க வேண்டாம். சாவிக்குப் பக்கத்திலேயே ஒரு அடையாளக் குறியீடும் இருக்கும். எந்தச் சாவி எந்தக் கணினிக்கு என்று தெரிய அதன் முதல் 8 எழுத்துகளையும் சேர்த்து எழுதுங்கள்.

எழுதியது வேலை செய்கிறதா என்று பார்க்க அதே உபுண்டு பென் டிரைவ் போதும். அதிலிருந்து தொடங்கி விண்டோஸ் பகுதியைச் சொடுக்கினால் பாஸ்வேர்டு கேட்கும். 48 எண்ணை, நடுவில் வரும் கோடுகளோடு தட்டுங்கள். திறந்தால் சாவி சரி. ஒரு எச்சரிக்கை: தொடக்க அமைப்பை மாற்றினால், அடுத்த முறை விண்டோஸே மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். எனவே சாவி கையில் வந்த பிறகுதான் இந்தச் சோதனை.

சாவியை எழுதி வைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 2024 ஜூலை 19 காட்டியது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். சரிசெய்யும் வழி எளிதுதான்: பாதுகாப்பு முறையில் தொடங்கி ஒரு ஃபைலை அழிப்பது. ஆனால் குறியாக்கம் போட்ட கணினிகளில் அதற்கு முன் 48 எண்ணைத் தட்ட வேண்டியிருந்தது. எண்ணைத் தயாராக வைத்திருந்தவர்கள் சீக்கிரம் முடித்தார்கள். மற்றவர்கள் தேடினார்கள்.

வழக்கமாக வரும் கேள்விகள்

"ஸ்லோ ஆயிடுமா?" 2010-க்குப் பிறகு வந்த பெரும்பாலான சிப்களில் குறியாக்கக் கணக்கைப் போடத் தனி வசதி உள்ளேயே இருக்கிறது, வித்தியாசம் தெரியாது. பழைய செலரான் வகைகளில் அந்த வசதி இல்லாததால் கொஞ்சம் இழுக்கும். பழைய லேப்டாப் என்றால் ஒரு பெரிய ஃபைலை நகலெடுத்து நேரம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

"திடீர்னு கரண்ட் போனா?" பயன்பாட்டில் இருக்கும்போது போனால் சாதாரண டிஸ்குக்கு என்ன ஆபத்தோ அதே ஆபத்துதான். நிறுவும்போது மட்டும் சார்ஜரைச் செருகியே வையுங்கள்.

"டிஸ்கைப் பூட்டியாச்சு, இனி வைரஸ் வராதுல்ல?" வரும். கணினி ஆன் ஆகித் திறந்திருக்கும் வரை எல்லாமே திறந்துதான் இருக்கிறது. போனில் மிரட்டி ஓடிபி கேட்பவரை இது தடுக்காது, அதற்கு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்தான். குறியாக்கம் காப்பது லேப்டாப்போ டிஸ்கோ அணைந்த நிலையில் அடுத்தவர் கைக்குப் போகும்போது மட்டும்: பஸ்ஸில் தொலைந்தது, கடையில் திருட்டுப் போனது, பழுது பார்க்கக் கொடுத்தது, பழைய விலைக்கு விற்றது. அந்த மல்லாங்கிணறு அக்கா இதே ஃபைல்களை ஒரு பென் டிரைவில் பேக்கப் எடுத்து மேசை டிராயரில் போட்டிருந்தால், அந்தப் பென் டிரைவையும் பூட்ட வேண்டும். விண்ணப்பம் முடிந்த ஸ்கேன் ஃபைல்களை அவ்வப்போது அழித்துவிடுவது இன்னும் நல்லது.

"பாஸ்வேர்டும் மறந்துபோச்சு, எழுதி வெச்ச கவரையும் காணோம். கடையில எடுத்துக் குடுப்பாங்களா?" மாட்டார்கள், முடியாது. எடுத்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். டிஸ்கைத் துடைத்துவிட்டு மறுபடி ஓஎஸ் போட்டுப் பயன்படுத்தலாம், அவ்வளவுதான். அதனால் கவர் எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். ஒவ்வொரு முறை ஓஎஸ்ஸைப் புதிய பதிப்புக்கு மாற்றும்போதும், மாற்றுவதற்கு முன்னால் அந்தக் கவரை எடுத்து ஒரு தடவை திறந்து பாருங்கள்.